திரை, தரை, தெரு: மழலையருக்குத் தொடுதிரை வழியே சாலைப் பாதுகாப்பைப் பழக்கும் முறை

டேப்லெட்டில் பச்சை விளக்கு எரிந்ததும் பொம்மையைத் தட்டிச் சாலையைக் கடக்க வைக்கிற நாலு வயதுக் குழந்தை, தெருவில் இறங்கும்போதும் அப்படியே நின்று நிதானித்துப் போகும் என்று நம்பிவிடக் கூடாது. திரையில் கற்றதை வெளி உலகத்துக்கு எடுத்துச் செல்வது சின்னக் குழந்தைகளுக்குக் கடினம். மூன்று வயதுக்குக் கீழே இந்த இடைவெளி மிகப் பெரிது, அதன் பிறகும் அது ஒரே நாளில் மூடிவிடுவதில்லை. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதற்காரணமாக உலக சுகாதார நிறுவனம் சாலை விபத்தைத்தான் குறிப்பிடுகிறது. 'ஆப் போட்டுக் கொடுத்தோம், கற்றுக்கொண்டார்கள்' என்று நின்றுவிடக்கூடிய பாடம் இல்லை இது.

அதற்காகத் தொடுதிரையை ஒதுக்கவும் வேண்டாம். ஒரே காட்சியை இருபது முறை காட்டலாம், நிறுத்தலாம், பெரிதாக்கலாம். ஆபத்தான இடத்தை ஆபத்தில்லாமல் பார்க்கலாம். அடையாளம் காண்பதும், மறைந்திருப்பதைத் தேடுவதும், எந்த இடத்தில் கடப்பது என்று தேர்வதும் திரையில் நன்றாகவே வரும். வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது, ஒலி எந்தப் பக்கம், நம் கால் எவ்வளவு மெதுவாகப் போகும், ஓடத் துடிக்கிற உடம்பை எப்படி நிறுத்துவது, இவை எதுவும் விரல் நுனியில் வராது. ஆகவே ஒவ்வொரு பாடமும் மூன்று இடத்தில் நடக்க வேண்டும். முதலில் திரை, பிறகு தரை, கடைசியில் தெருவோரம். மூன்றும் ஒரே வாரத்துக்குள் முடிய வேண்டும். இடையில் பத்து நாள் போனால் குழந்தை திரைப் பாடத்தை ஒரு விளையாட்டாக மட்டுமே நினைவில் வைத்திருக்கும்.

எந்த வயது, எவ்வளவு நேரம்

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி இரண்டு வயதுக்குக் கீழே திரை நேரமே பரிந்துரைக்கப்படவில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம். அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டில் பார்ப்பதும் சேரும். எனவே வகுப்பில் சாலைப் பாடத்துக்கு வாரம் இரண்டு முறை, முறைக்கு 6 முதல் 8 நிமிடத் திரை போதும். இந்தத் திட்டத்தை மூன்றரை வயதுக்கு முன்பு தொடங்க வேண்டாம். அதைவிடச் சிறிய குழந்தைக்குக் கையைப் பிடித்து நடப்பதே முழுப் பாடம்.

ஒரு டேப்லெட்டுக்கு இரண்டு குழந்தைகள் என்பது நல்ல கணக்கு. தனியே கொடுத்தால் பேச்சு நின்றுவிடும். மூன்று பேரானால் ஒருவர் எப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். இரண்டு பேரில் ஒருவர் 'சொல்பவர்', இன்னொருவர் 'தொடுபவர்'. சொல்பவர் எங்கே தொட வேண்டும், ஏன் என்று வாயால் சொன்ன பிறகுதான் தொடுபவர் விரலை வைக்கலாம். மூன்று படத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். விடை வரும்வரை கண்டபடி தட்டிப் பார்க்கும் பழக்கத்தை இந்த ஒரே ஏற்பாடு பெருமளவு நிறுத்திவிடும்.

கருவியைத் தயார்செய்தல்

10 அங்குலத் திரை வசதி. 7 அங்குலத்துக்குக் கீழே போனால் படத்தில் பாதி மறைந்திருக்கும் வண்டி குழந்தையின் கண்ணில் படாது. கருவியைக் கையில் கொடுக்காமல் மேசையில் 20 முதல் 30 டிகிரி சாய்வில் ஒரு தாங்கியில் வையுங்கள். கையில் பிடித்தால் ஓரத்தைப் பற்றிய கட்டைவிரலும் திரையில் பட்டு ஒரு தொடுகையாகப் பதிவாகும். குழந்தை மற்றொரு கையால் சரியாகத் தொட்டும் ஒன்றும் நடக்காது. 'வேலை செய்யலை' என்று குழந்தை சொல்வதில் பெரும்பாலானவை இதுதான். அடுத்த காரணம் ஈர விரல். இன்றைய தொடுதிரைகள் விரலின் மின் கடத்தலை உணர்ந்து வேலை செய்பவை. ஈரம் பட்டால் தொட்ட இடமும் பதிவாகும் இடமும் வேறாகிவிடும். பாடத்துக்கு முன் கையைத் துடைத்துவிடுவது பத்து நொடி வேலை.

முந்தின நாளே செய்துவிட வேண்டியவை: விமானப் பயன்முறை, திரை சுழற்சிப் பூட்டு, அறிவிப்புகள் அணைப்பு, ஒலியளவு நடுவில். பிறகு, குழந்தை ஆப்பை விட்டு வெளியே போகாதபடி பூட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் இதன் பெயர் 'ஆப் பின்னிங்' அல்லது 'ஸ்கிரீன் பின்னிங்'. செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'பின்' என்று தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதை இயக்கும்போது, விடுவிக்கக் கடவு எண் கேட்கும் தேர்வையும் சேர்த்து இயக்குங்கள். ஐபேடில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, கைடட் ஆக்சஸ் என்று போக வேண்டும். ஆப்பைத் திறந்த பின் மேல் பொத்தானை (பழைய கருவியில் ஹோம் பொத்தானை) மூன்று முறை அழுத்தினால் பூட்டு விழும். கைடட் ஆக்சஸில் இன்னொரு வசதி உண்டு: திரையின் எந்தப் பகுதி தொடுகைக்கு மசியக் கூடாதோ அதை விரலால் வட்டமிட்டு அணைத்துவிடலாம். அமைப்புப் பொத்தான் இருக்கும் மூலையை இப்படி மூடுங்கள். நேர வரம்பையும் அங்கேயே 8 நிமிடம் என்று வைக்கலாம்.

திரையைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணியில் லேசாக ஈரம் போதும். எதையும் நேரே திரைமேல் தெளிக்கக் கூடாது. மின்னேற்றிக் கம்பி மாட்டியபடி குழந்தையிடம் கொடுக்க வேண்டாம். தடிமனான பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்து தொடுகை மந்தமாக இருந்தால், பல ஆண்ட்ராய்டுக் கருவிகளில் டிஸ்பிளே பகுதியில் தொடு உணர்திறனைக் கூட்டும் தேர்வு உண்டு.

ஆப்பைப் பார்த்தவுடன் சோதிக்க வேண்டியது

முதல் கேள்வி, அது எந்தப் பக்கப் போக்குவரத்துக்காகச் செய்யப்பட்டது என்பது. வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும் நாடுகளில், நடைபாதை விளிம்பில் நிற்பவரை முதலில் எட்டும் வண்டி வலப்புறமிருந்து வரும். அதனால் வலம், இடம், மறுபடி வலம் என்று பார்க்கச் சொல்கிறோம். வலப்பக்கம் ஓடும் நாடுகளில் இது தலைகீழ். வேறு நாட்டு ஆப்பில் 'முதலில் இடம் பார்' என்ற பாட்டை ஒரு மாதம் கேட்ட குழந்தைக்கு அதை மாற்றிச் சொல்லித் தருவது, புதிதாகச் சொல்லித் தருவதைவிடச் சிரமம். ஒலி தாய்மொழியில் இருக்கிறதா என்பதைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஆப்பின் விளையாட்டு விதி என்ன பாடத்தைச் சொல்லாமல் சொல்கிறது என்பது. பலர் கவனிக்கத் தவறும் இடம் இது. வாயால் சொல்லும் அறிவுரையைவிட, விரல் திரும்பத் திரும்பச் செய்வதே குழந்தைக்குள் ஆழமாக இறங்கும். வண்டியைத் தொட்டால் நிற்கும் விளையாட்டில் குழந்தை கற்பது 'நான் நினைத்தால் வண்டி நிற்கும்' என்பதை. நேரம் ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு, அவசரமாகக் கடப்பவருக்குப் பரிசு தருகிறது. வண்டி மோதியதும் பொம்மை கண் சிமிட்டி எழுந்து நிற்கும் விளையாட்டைப் பற்றி விளக்கவே தேவையில்லை. வானத்திலிருந்து கீழே பார்ப்பதுபோல் சாலையைக் காட்டும் ஆப்களில் இரு பக்க வண்டிகளும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். குழந்தை தலையைத் திருப்பவே வேண்டாம். விளிம்பில் நிற்கும் குழந்தையின் கண்ணுக்கோ, நிறுத்தி வைத்த ஒரு கார் முழுச் சாலையையும் மறைத்துவிடும். ஆகவே கண்மட்டப் பார்வை, நேர அழுத்தம் இல்லாமை, தவறான விடைக்கு அமைதியான நிறுத்தம், காத்திருப்பதற்குப் பாராட்டு, இந்த நான்கும் உள்ள ஆப்பைத் தேடுங்கள். தவறான விடைக்கு வேடிக்கையான சத்தம் வந்தால் குழந்தை அந்தச் சத்தத்துக்காகவே தவறாகத் தொடும்.

தொடும் முறையும் முக்கியம். தட்டுவதும் தள்ளுவதும் எளிது. இழுத்துக் கொண்டுபோய் விடுவது மூன்று, நான்கு வயதில்தான் ஒழுங்காக வரும், அப்போதும் பாதியில் விரல் எழும்பிவிடும். இருமுறை தட்டுதல், இரு விரலால் கிள்ளுதல் எல்லாம் வேண்டாம். தொட வேண்டிய இடம் குறைந்தது 2 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். விளம்பரம், கேமரா அனுமதி, இருப்பிட அனுமதி கேட்கும் ஆப்பை மழலையர் கருவியில் வைக்கவே கூடாது.

நீங்களே செய்யும் படத்தொகுப்பு

எந்த ஆப்பையும்விடப் பயனுள்ளது, குழந்தை தினமும் நடக்கும் வழியின் படங்கள். 4, 5 வயதுக் குழந்தையின் கண்மட்டம் ஏறத்தாழ 90 முதல் 100 செ.மீ. ஒரு குச்சியில் 95 செ.மீ. அளந்து குறியிட்டுக்கொண்டு, அந்த உயரத்தில் போனைக் கிடைமட்டமாகப் பிடித்துப் படம் எடுங்கள். பெரியவர் நின்ற உயரத்தில் எடுத்தால் கார் கூரைக்கு மேலே சாலை தெரிந்துவிடும், பாடமே பறிபோகும்.

எடுக்க வேண்டிய இடங்கள்: நிறுத்திய இரண்டு வண்டிகளுக்கு நடுவே, வளைவு, மேட்டின் உச்சிக்கு முன்பு, புதர் அல்லது குப்பைத் தொட்டி மறைக்கும் இடம், வண்டி பின்னோக்கி வெளியே வரும் வாயில், சிக்னல் உள்ள கடப்பு, ஒன்றும் மறைக்காத நேரான பகுதி. ஒவ்வொன்றிலும் இரண்டு படம் தேவை. ஒன்று விளிம்பில் நின்று, மற்றொன்று அதே இடத்தில் இரண்டு அடி தள்ளி. மறைந்திருந்த வண்டி இரண்டாவது படத்தில் தெரிய வேண்டும். மொத்தம் 12 இணைகள் போதும். முகங்களையும் வண்டி எண்களையும் மங்கலாக்கிவிடுங்கள். நீங்கள் படம் எடுக்கும்போது ஒருவர் அருகில் நின்று சாலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறைப்புக்கு ஏன் இத்தனை அழுத்தம்? க்வாமே அம்போஃபோ-போட்டெங், ஜேம்ஸ் தாம்சன் இருவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகள் 'கண்ணுக்கு வண்டி தெரியவில்லை' என்பதையே பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். வளைவும் மேடும் மறைப்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. 'எனக்குத் தெரியவில்லை என்றால் அங்கே இல்லை' என்ற இந்த எண்ணத்தை உடைக்க, இரட்டைப் படத்தைவிட நல்ல கருவி இல்லை. தொட்டவுடன் மறைந்திருந்த வண்டி வெளியே வரும் அந்த நொடியில் குழந்தையின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இதைப் பவர்பாயின்ட்டில் அமைக்கலாம். முதல் படத்தை ஒரு ஸ்லைடிலும், இரண்டாவதை அடுத்த ஸ்லைடிலும் முழு அளவில் வையுங்கள். முதல் ஸ்லைடில், முழுப் படத்தையும் மூடும் ஒரு செவ்வகம் வரைந்து, அதை அதே ஸ்லைடுக்கே லிங்க் செய்யுங்கள். அதன்மேல், மறைப்புள்ள இடத்தில் 2.5 செ.மீ. வட்டம் ஒன்று வரைந்து அடுத்த ஸ்லைடுக்கு லிங்க் செய்யுங்கள். பிறகு இரண்டையும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்க வேண்டும். 'நோ ஃபில்' கொடுத்தால் உட்பகுதி தொடுகையை ஏற்காமல் போகலாம். நிறம் கொடுத்து, டிரான்ஸ்பரன்சியை 99 சதவீதமாக வையுங்கள், வெளிக்கோட்டை நீக்கிவிடுங்கள். முழுச் செவ்வகம் எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் எங்கே தட்டினாலும் அடுத்த ஸ்லைடு வந்துவிடும். தவறான தொடுகைக்கும் சரியான விடை கிடைத்துவிடும். செய்து முடித்ததும் குழந்தை பயன்படுத்தப்போகும் அதே கருவியில் சோதியுங்கள். கணினியில் சரியாக ஓடியது டேப்லெட்டில் விரல் வழுக்கினால் தாவக்கூடும். அப்படி நடந்தால் 'விரலை வைத்து எடு, தேய்க்காதே' என்று முதல் நாளே பழக்கிவிடலாம்.

பவர்பாயின்ட் கைவரவில்லையா? போனின் படத்தொகுப்பில் முதல் படத்தைத் திறந்து, படம் திருத்தும் இடத்தில் உள்ள பேனாவால் 'எங்கே ஒளிந்திருக்கும்?' என்று குழந்தையை வட்டமிடச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் அடுத்த படத்துக்குத் தள்ளுங்கள். இதுவும் நன்றாகவே நடக்கும்.

சிக்னல் படத்துக்கு ஒரு குறிப்பு. நிறத்தை மட்டும் சொல்லித் தர வேண்டாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு ஆண் குழந்தைகளிடம் அதிகம். அந்த வயதில் யாருக்கும் தெரிந்திருக்காது. செங்குத்து விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்ற இடத்தையும், நடப்போர் விளக்கில் நிற்கும் உருவம், நடக்கும் உருவம் என்ற வடிவத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். சாம்பல் நிறமாக்கிய ஒரு படத்தையும் தொகுப்பில் வைத்தால், இடத்தைப் பார்த்துச் சொல்கிறார்களா என்று தெரிந்துவிடும். பச்சை உருவம் வந்தாலும் திரும்புகிற வண்டி வரும் என்பதை ஒரு தனிப் படமாகவே சேருங்கள். 'பச்சை என்றால் போ' என்று மட்டும் கற்ற குழந்தை விளக்கைப் பார்க்கும், சாலையைப் பார்க்காது. 'பச்சை என்றால் பார், பிறகு போ' என்று சொல்லுங்கள்.

ஒரு வகுப்பு

முதல் 2 நிமிடம் கருவி இல்லாமல்: 'நட, நில்' விளையாட்டு. நில் என்றதும் ஒரே காலடிக்குள் நின்றுவிட வேண்டும். அடுத்த 7 நிமிடம் திரை. நான்கு படத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்: இங்கே நின்றால் என்ன தெரிகிறது? எது தெரியவில்லை? எங்கே போய் நின்றால் தெரியும்? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல வராத குழந்தையிடம் விடையைச் சொல்லிவிடாமல், விரலால் அந்த இடத்துக்கு நடந்து காட்டச் சொல்லுங்கள். நேரம் முடியும்போது கருவியைப் பிடுங்கக் கூடாது. 'இன்னும் ஒரு படம்' என்று முன்கூட்டியே சொல்லி, அணைக்கும் பொத்தானைக் குழந்தையே அழுத்தட்டும். அழுகை வெகுவாகக் குறையும்.

உடனே தரைக்கு வாருங்கள். மாஸ்கிங் டேப்பால் இரண்டு கோடுகள், நடுவே 3.5 மீட்டர். இது ஏறத்தாழ ஒரு தடத்தின் அகலம். இடம் இருந்தால் 7 மீட்டர் விட்டு இரண்டு தடம். நாற்காலி அல்லது அட்டைப் பெட்டி நிறுத்திய காராகும். அதன் உயரம் குழந்தையின் கண்ணை மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பயனில்லை. திரையில் பார்த்த அதே காட்சியை அமைத்து, அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குழந்தை காரின் வெளி ஓரம் வரை வந்து, நின்று, எட்டிப் பார்த்து, தலையை முழுதாகத் திருப்புகிறதா என்று கவனியுங்கள். கண்ணை மட்டும் உருட்டினால், ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வண்ண அட்டையைத் தூக்கிக் காட்டி, நிறத்தைச் சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம் என்று வையுங்கள்.

தரையில் இன்னொன்றும் அளக்கலாம். 7 மீட்டரைக் குழந்தை நடந்து கடக்க எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 7 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி சுமார் 78 மீட்டர் வந்துவிடும். இந்தக் கணக்கு குழந்தைக்கு அல்ல, உங்களுக்கு. தெருவோரத்தில் எவ்வளவு தூரம் வெறிச்சோடி இருந்தால் பழக்கலாம் என்று முடிவெடுக்க இது வேண்டும். லண்டனின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் வரும் வண்டியின் வேகத்தைத் தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளால் நம்பகமாகக் கணிக்க முடிவதில்லை. ஆகவே 'அந்த வண்டி தூரத்தில் இருக்கிறது, போகலாமா?' என்று மழலையரிடம் கேட்கவே வேண்டாம். விதி எளிமையாக இருக்கட்டும்: வண்டி தெரிந்தால் காத்திரு.

தெருவோரத்தில்

பெற்றோர் ஒப்புதல் வாங்கிக்கொண்டு, போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், பெரியவர் ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று குழந்தைகள். ஐந்து முதல் ஏழு வயதினருக்காக ஸ்காட்லாந்தில் உருவான கெர்ப்கிராஃப்ட் பயிற்சியும் இதே போன்ற சிறு குழுக்களாக, உண்மையான தெருவோரத்தில்தான் நடக்கிறது. பெரியவர் வண்டி வரும் பக்கம் நிற்க வேண்டும். குழந்தையின் மணிக்கட்டைச் சேர்த்துக் கையைப் பிடியுங்கள். விரலை மட்டும் பிடித்தால் உருவிக்கொண்டு ஓடிவிடும்.

டேப்லெட்டும் போனும் பைக்குள் இருக்க வேண்டும். படத்தையும் தெருவையும் ஒப்பிட்டுக் காட்ட ஆசையாக இருக்கும், செய்யாதீர்கள். திரை கையில் இருக்கும்வரை குழந்தை திரையைத்தான் பார்க்கும். சாலையோரத்தில் போனைப் பார்ப்பது இயல்பானது என்ற பாடமும் கூடவே போய்ச் சேரும்.

விளிம்பிலிருந்து ஒரு அடி பின்னால் நின்று, அதே மூன்று கேள்விகள். வீதியில் இன்னொன்று சேர்க்கலாம்: கண்ணை மூடி, வண்டிச் சத்தம் எந்தப் பக்கம் என்று கையை நீட்டச் சொல்வது. மின்சார வண்டிகள் மெதுவாக வரும்போது சத்தம் குறைவு என்பதால், கேட்பதும் பார்ப்பதும் சேர்ந்தே போக வேண்டும் என்று சொல்லுங்கள். குழந்தை இடத்தைத் தேர்ந்து காரணமும் சொன்ன பிறகு, கையைப் பிடித்தபடி சேர்ந்து கடக்கலாம். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இந்த வயதில் தனியே விடுவதற்கு அது அனுமதி இல்லை. இதைப் பெற்றோரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 'பள்ளியில் கற்றுக்கொண்டான்' என்று வீட்டில் பிடி தளர்ந்தால், பயிற்சியே ஆபத்தாகிவிடும்.

கற்றது நின்றதா

ஆப் காட்டும் நட்சத்திரங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு குழந்தைக்கு ஒரு வரி என்று ஒரு நோட்டு போதும்: நின்றதா, தலையைத் திருப்பியதா, மறைப்பைச் சொன்னதா, காரணம் சொன்னதா. பழகிய இடத்தில் அல்லாமல், படத்தொகுப்பில் இல்லாத புது இடத்தில் கேளுங்கள். பழகிய இடத்தில் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடும். மூன்று வெவ்வேறு நாள், மூன்று புது இடம், தூண்டுதல் இல்லாமல் சரியாக வந்தால் அடுத்த மறைப்புக்குப் போகலாம். ஏதாவது ஓர் இடத்தில் தடுமாறினால், அன்று மாலையே அந்த இடத்துக்குப் போய் 95 செ.மீ. உயரத்தில் இரண்டு படம் எடுத்து வாருங்கள். அடுத்த வாரத் தொகுப்பின் முதல் படமாக அது இருக்கட்டும்.